செம்மறிக்கான தாது உப்புக் கட்டி: நீலகிரிக்கு ஒத்து வருமா?

தீவனக் கடையில் தாது உப்புக் கட்டி கேட்டால் பெரும்பாலும் மாட்டுக்கானதை எடுத்து நீட்டுவார்கள். "ஆட்டுக்கும் இதுதாங்க" என்பார்கள். நம்பாதீர்கள். செம்மறிக்கென்றே வரும் 3 கிலோ கட்டியைக் கேட்டு வாங்கி, லேபிளில் செம்பு என்ற வரியை முதலில் பாருங்கள். செம்பு சேர்க்கவில்லை என்று இருந்தால் அதுவே நமக்கானது.

காரணம் வெறும் கணக்குதான். மாட்டுக் கலவையில் செம்பு 0.1 சதவீதம் என்றால் 10 கிராம் நக்கினாலே 10 மில்லிகிராம் உள்ளே போய்விடும். 30 கிலோ பெட்டை தின்னும் தீனியோ, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், நாளுக்குச் சுமார் 1 கிலோ. அதிலும் கட்டியிலுமாக மொத்தச் செம்பு 25 மில்லிகிராமைத் தாண்டி வாரக்கணக்கில் போனால் ஆபத்து. மாடு தாங்கும், செம்மறியின் ஈரல் வெளியேற்றாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். நேற்றுவரை நன்றாக மேய்ந்த ஆடு கண் மஞ்சளித்து, காப்பி நிறத்தில் சிறுநீர் விட்டு, ஓரிரு நாளில் செத்துவிடும். நம் பக்கம் செம்பு இன்னொரு வழியாகவும் வரும்: கொப்புள நோய்க்குத் தேயிலையில் அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்து. மருந்தடித்த தோட்டத்துக் களைப்புல்லை அறுத்துப் போடுகிறவர்கள் மாட்டுக் கட்டியைத் தொடவே கூடாது.

செம்மறிக் கட்டியின் பலம் உப்பு. நம் மேய்ச்சலில் படர்ந்திருக்கும் கிக்குயு புல்லில் சோடியம் குறைவு என்பதால் தேடி வந்து நக்கும். முதல் வாரம் அளவு மீறும், பிறகு நாளுக்கு 10 கிராம் அளவில் நிற்கும். அந்தக் கணக்கில் 10 ஆட்டுக்கு ஒரு கட்டி ஒரு மாதம் வர வேண்டும். 20 நாளில் தீர்ந்தால் அடியில் மண்ணைப் பாருங்கள். வெள்ளை பூத்திருந்தால் சாரலில் கரைந்து வழிந்திருக்கிறது. கூரைக்கு உள்ளே, ஆட்டின் மூக்கு உயரத்தில், இரண்டு இடமாகத் தொங்கவிடுங்கள். ஒரே இடம் என்றால் முட்டுகிற கிழட்டு ஆடு மற்றதை அண்ட விடாது. பக்கத்தில் கல் உப்பு வைத்தால் கட்டியைச் சீண்டாது.

குறை சினைக் காலத்தில் தெரியும். குட்டி வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி 6 வாரத்தில்தான். உப்பே அதிகமுள்ள கட்டியில் கால்சியம் 5 சதவீதம் என்றால் 10 கிராமில் கிடைப்பது அரை கிராம். இரட்டைக்குட்டி சுமப்பதற்கு அது எம்மாத்திரம்? கிக்குயுவில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த 6 வாரமும் செம்மறிக்கான தூள் கலவையை அடர்தீவனத்தில் கலந்து, ஒவ்வொன்றுக்கும் அளந்து வையுங்கள். நடை விறைத்துப் படுத்த சினை ஆட்டுக்குக் கட்டி உதவாது. கால்சியம் ஊசிக்கு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அயோடின் இல்லாத கட்டியை வாங்க வேண்டாம், அதுவும் முட்டைக்கோஸ் கழிவு இலை போடுகிறவர்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை எடுப்பதை அந்த இலை தடுக்கும். குட்டி கழுத்து வீங்கிப் பிறக்கும்.