ஓவர்ஹால் முடிந்த அம்பாசடர் ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன்: எதை முதலில் பார்ப்பது

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். இன்ஜினை இறக்கி ஏற்றியாயிற்று. செல்ஃப் சுற்றுகிறது, உயிர் மட்டும் வரவில்லை. ஒருவர் கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றச் சொல்வார், ஒருவர் ஸ்பார்க் பார்க்கச் சொல்வார், இன்னொருவர் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் மீட்டர்) தேடிப் போவார். இறக்கும்முன் ஓடிய வண்டி என்றால் கை பட்ட இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

பெட்ரோல் ஊற்றுவதுதான் சுலபம். சிரிஞ்சில் 5 மில்லி விட்டுச் சுற்றினால், இரண்டு நொடி பிடித்து அணைந்தால் பம்ப் அல்லது கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவைப் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) தலைகீழாக இருந்தால் இன்டேக் வால்வு திறந்திருக்கும்போதே ஸ்பார்க் விழும். தீ கார்புரேட்டர் வழியாக மேலே வரும், புருவம் தப்பாது. பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றிப் பாட்டிலில் விட்டுச் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் நலம். முடிந்ததும் சிந்தியதைத் துடைத்துவிட வேண்டும்.

ஸ்பார்க்கில் தொடங்குவதே என் கட்சி. டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை நான்கு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பது) உள்ளே இருக்கும் பாயிண்ட்டோ (திறந்து மூடி ஸ்பார்க்கை வரவழைக்கும் சுவிட்ச்) அதோடு சேர்ந்த கண்டென்சரோ புதிது என்றால் இன்னும் பொருத்தம். காயிலில் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தருவது) பாயிண்ட்டுக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்பை வைத்துச் சுற்றுங்கள். மினுக்கினால் சரி. எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை, இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். எரியவே இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றுங்கள். இப்போது எரிந்தால் உள்ளே ஷார்ட். பெரும்பாலும் பாயிண்ட் முனையிலுள்ள ஃபைபர் வாஷர்தான்: அது இடம் மாறினாலோ தொலைந்தாலோ வயரின் வளையம் நேரே பிளேட்டில் பட்டு, பாயிண்ட் திறந்தும் பயனில்லாமல் போகும். கழற்றியும் எரியாவிட்டால் காயிலுக்குக் கரண்டே வரவில்லை.

ஸ்பார்க் வருகிறது என்பதால் சரியான நேரத்தில் வருகிறது என்று ஆகாது. ஓவர்ஹாலில் அதிகம் சறுக்குவது இங்கேதான். டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நாக்கு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருப்பதால் அதைத் திருப்பி மாட்ட முடியாது. ஆனால் அதைச் சுற்றவைக்கும், அடியிலுள்ள டிரைவ் ஸ்பிண்டிலை 180 டிகிரி மாற்றி இறக்கிவிடலாம். ராக்கர் கவரைத் திறந்து 4-ஆம் சிலிண்டர் வால்வு இரண்டும் கைமாறும் (ஒன்று மூடி முடிய, மற்றது திறக்கத் தொடங்கும்) இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் 1-க்குக் கம்ப்ரஷன் உச்சி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றும் ரோட்டர் 1-ஆம் வயரைக் காட்ட வேண்டும். 4-ஐக் காட்டினால் ஸ்பிண்டிலைத் தொடாமல், மூடியில் ஒவ்வொரு வயரையும் எதிர்முனைக்கு மாற்றினால் போதும். ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், ஸ்பார்க் விழும் சிலிண்டர் வரிசை 1-3-4-2.

கேஜ் கடைசி. புது ரிங் இன்னும் பதியாததால் அளவு குறைவாகவே காட்டும், அதை நம்பி மறுபடி பிரிப்பது வீண். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் விழுந்தால் ஹெட் காஸ்கெட். ஒன்று மட்டும் விழுந்தால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது இறுகிய டாப்பெட் (வால்வு முழுதாக மூட இடைவெளி இல்லாதது). நான்கும் அடியோடு விழுந்தால்தான் டைமிங் செயின் குறி தவறியதா என்று சந்தேகித்து, செயினை எட்ட ரேடியேட்டரில் கை வைக்க வேண்டும்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றி, சோக் கேபிள் தொட்டால் சுட்டால் மேலே சொன்ன எதுவுமே இல்லை. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறார்கள்.