தொழிலாளர் சட்ட ஆலோசகர்: தாராளமாகப் போகலாம்

திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். ரோலில் 14 பேர், பீஸ் ரேட்டில் 8 டெய்லர்கள். அந்த எட்டுப் பேரையும் 'கான்ட்ராக்ட்' என்று எழுதி வவுச்சரில் கையெழுத்து வாங்கிவந்தேன். இந்த ஆலோசகர் அந்த வவுச்சர் கட்டைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, மெஷின் யாருடையது? என்னுடையது. தையல் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்வது யார்? நான்தான். அப்படியென்றால் அவர்கள் உங்கள் ஊழியர்கள்தான் என்று சொல்லி, 1973-ல் ஆந்திரத் தையல் கடை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே இரண்டு விஷயத்தைப் பார்த்து அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது என்று பொறுமையாக விளக்கினார். 20 பேர் ஆனாலே பி.எஃப். கட்டாயம், விட்டால் பழைய பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் நம் தலையில். ஃபீஸ் கொஞ்சம் அதிகம், போன் எடுக்க மாலையாகிவிடும். ஆனால் எட்டுப் பேருக்கும் யூஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) வாங்கிக் கொடுத்துவிட்டார்.