குன்னூரில் பிரேக் ஆயில் மாற்றக் கொடுத்தேன், மாற்றவே இல்லை

பழைய பியட், அம்பாசிடர் வைத்துக்கொண்டு நீலகிரியில் ஏறி இறங்குகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எங்களிடம் இருப்பது அப்பா வாங்கிய 1982 பிரீமியர் பத்மினி, அதாவது பியட். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது, இரண்டு தடவை பம்ப் பண்ணினால்தான் பிடித்தது. குன்னூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, பழைய பிரேக் ஆயிலை முழுக்க வடித்து, புதிது ஊற்றி, நான்கு சக்கரத்திலும் பிரேக் பைப்புக்குள் சிக்கிய ஏர் எடுத்துத் தரச் சொன்னேன். சாயங்காலம் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். பெடல் மேலே நின்றது. எனக்கும் திருப்தி.

மூன்று வாரம் கழித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினேன். காட்டேரி தாண்டியதும் வண்டி இறக்கத்திலேயே தயங்கித் தயங்கிப் போனது. பிறகு பிரேக் லைனிங் கருகும் நாற்றம். பர்லியாரில் ஓரம் கட்டினேன். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரங்கள் பிடித்தபடியே இருந்தன, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் பக்கம் சூட்டில் கை கொண்டுபோக முடியவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்தார். பியட்டிலேயே தலை நரைத்தவர். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார், ஆயில் பீய்ச்சி வெளியே வந்தது, சக்கரங்கள் விட்டுக்கொடுத்தன. அப்புறம் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டார். மேலே எண்ணெயாக மிதந்தது. "தம்பி, இது பிரேக் ஆயிலே இல்லப்பா" என்றார்.

நாம் எல்லோரும் வாய்ப்பழக்கத்தில் ஆயில் என்கிறோம். ஆனால் பிரேக்குக்கு ஊற்றும் டாட் 3, டாட் 4 என்ற தரங்கள் இரண்டும் எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைத் திரவம், தண்ணீரில் கரைந்துவிடும். பவர் ஸ்டீயரிங் ஆயில், இன்ஜின் ஆயில் போன்றவை பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் ஊதிப் பெருத்துவிடும். மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்புகிற சின்னத் துளையை அந்தக் கப் அடைத்துக்கொண்டால், அழுத்தம் உள்ளேயே நின்று பிரேக் விடாது. ஊத நாளாகும் என்பதால்தான் முதலில் எதுவும் தெரியவில்லை.

அதைவிட எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றில். பின்சக்கரங்களில் ஏரும் பழைய ஆயிலும் வெளியேற்றத் திறக்கும் நிப்பிள்களில் பல வருடத் துருவும் சேறும் அப்படியே இருந்தன. ஸ்பேனரே படவில்லை. டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூவை மட்டும் டைட் வைத்துப் பெடலை உயர்த்தி, டப்பாவில் கையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்கள். சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைத் திறந்தபோது பழைய டிக்காஷன் நிறத்தில் வடிந்தது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி வந்து பெடல் தரைக்குப் போய்விடும்.

எல்லா ரப்பரும், ஹோஸும் மாற்றி, பைப்புகளைக் கழுவி முடிக்க 14,000 ரூபாய் ஆனது. குன்னூரில் போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். காசும் திரும்பவில்லை.

நீங்கள் கொடுத்தால் சீல் உடைக்காத பாட்டிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். தூரச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொரு நிப்பிளிலும் தெளிவான திரவம் வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஏற்கெனவே வெளியில் மாற்றியிருந்தால், அடுத்த தடவை மலை இறங்குவதற்கு முன் டப்பாவிலிருந்து நாலு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.