ஃபேர்லேண்ட்ஸா, அம்மாபேட்டையா, கண்ணங்குறிச்சியா? சேலத்தில் பிள்ளைகுட்டிகளோடு குடியிருக்க ஏற்ற இடம்

சேலத்தில் குடும்பத்தோடு வீடு தேடுகிறவர்களிடம் முதலில் சொல்லப்படும் பெயர் ஃபேர்லேண்ட்ஸ், அதை விட்டால் ஒட்டியுள்ள அழகாபுரம். வாடகை கட்டுப்படியாகாது என்றால் சேர்வராயன் மலையடிவாரத்துக் கண்ணங்குறிச்சியைக் காட்டுவார்கள். அம்மாபேட்டையை யாரும் சொல்வதில்லை. நெரிசல், தறிச்சத்தம், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் ஒத்துவரும் என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்த வரிசை எனக்கு உடன்பாடில்லை.

குடும்பத்துக்கு ஏற்ற பகுதி எது என்று முடிவுசெய்ய நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். பத்து வயதுப் பிள்ளை பெரியவர் துணையில்லாமல் எதுவரை போய்வர முடியும்? எழுபது வயதுப் பாட்டி, யாரையும் வண்டி எடுக்கச் சொல்லாமல் தன் காலைப் பொழுதை நடத்திக்கொள்ள முடியுமா? லிஃப்ட், கார் நிறுத்துமிடம், வாசலில் காவலாளி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஃபேர்லேண்ட்ஸுக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். மனை பிரித்துத் திட்டமிட்டு எழுந்த பகுதி என்பதால் தெருக்கள் நேராக இருக்கின்றன. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம், மரம், வெளிச்சம் உண்டு. சாரதா கல்லூரிச் சாலையின் பள்ளிகளும் கல்லூரியும் பக்கம். நான்கு ரோடு சந்திப்புப் பக்கம் சிறுமலர் பள்ளியும் அண்ணா பூங்காவும் அதிகத் தொலைவில்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் ஐந்து நிமிடத்தில் ஏதாவதொரு மருத்துவமனை வாசலில் நிற்கலாம். சேலத்தின் வேறு எந்தக் குடியிருப்புப் பகுதியும் இந்த ஒரு விஷயத்தில் இதனுடன் போட்டி போட முடியாது.

ஆனால் அந்த வசதிகளே தெருக்களைத் தின்றுவருகின்றன. வீடாக இருந்தது கிளினிக் ஆகிறது, கிளினிக் துணிக்கடை ஆகிறது, எதிர்வீட்டு மாடியில் பயிற்சி மையம் வருகிறது. பகலெல்லாம் வெளியாட்களின் வண்டிகள், இரவில் பூட்டிய ஷட்டர்கள். ஐந்து ரோடு சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் திறக்கப்பட்ட பிறகு நகரைக் கடந்து போகிறவர்களுக்கு நேரம் மிச்சமானது உண்மை. பாலத்துக்குக் கீழே பள்ளி விடும் நேரத்தில் சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் பள்ளி கூப்பிடு தூரத்தில் இருந்தும், பிள்ளைகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார்கள். பாட்டியின் நிலையும் இதுதான். மருந்துக்கடை பக்கத்தில் இருக்கிறது, நின்று பேச ஆள் இல்லை. எல்லா வீட்டு கேட்டும் சாத்தியிருக்கிறது.

அம்மாபேட்டையில் கதவு சாத்தியிருக்கும் வீட்டைத்தான் தேட வேண்டும். நெசவாளர் ஊர் இது. தறி வீட்டுக்குள்ளேயே இருந்ததால், ஆணும் பெண்ணும் பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்து பழகிய தெருக்கள். தறி குறைந்துபோன தெருக்களிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. தெருவில் விளையாடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எப்போதும் நான்கு பேர் வாசலில் இருப்பார்கள். சைக்கிளில் விழுந்தால் தூக்குவார்கள், தெருமுனையைத் தாண்டினால் அதட்டுவார்கள், அம்மா வரும்வரை தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வீட்டுத் தரகர்கள் யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

பாட்டிக்கும் இங்கேதான் வாழ்வு. உழவர் சந்தை நடைதூரம். கூடையை எடுத்துக்கொண்டு விடிகாலையில் போனால் கீரையும் கத்தரிக்காயும் வாங்கி, வழியில் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புமுன் திரும்பிவிடலாம். சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட். ஆடி பிறந்து பூச்சாட்டிவிட்டால் செங்குந்தர் மாரியம்மன் கோயில் பக்கம் ஊரே வாசலுக்கு வந்துவிடும். தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வலம் வரும் வண்டி வேடிக்கையைப் பார்க்க மற்ற பகுதிகளிலிருந்து சொந்தங்கள் வந்து இறங்கும். கால் வலுவுள்ளவர்களுக்குக் குமரகிரி முருகன் மலையும் உண்டு.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. விசைத்தறி ஓடும் வீட்டோடு சுவர் ஒட்டிய வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது; அந்தச் சத்தம் தரை வழியாகவே வரும். நீளவாக்கில் கட்டிய ஒட்டுச்சுவர் வீடுகளில் நடு அறைக்குப் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். கார் வைத்திருப்பவர் அதை வேறெங்கோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சில சந்துகளில் ஆம்புலன்ஸ் நுழையாது. இதை வீடு பார்க்கும்போதே கவனியுங்கள். பெருமழை பெய்தால் அருகிலுள்ள பச்சப்பட்டி, நாராயண நகர் பக்கத் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. வெளியூர்க்காரர் வீடு கேட்டுப் போனால் குலம் கோத்திரம் விசாரிக்கிற வழக்கம் ஒன்றும் உண்டு. அது சேலம் முழுவதும் இருக்கிறது. பெரிய வீடுகளில் சுற்றிவளைத்துக் கேட்பார்கள், சின்னத் தெருக்களில் நேராகக் கேட்பார்கள். எப்படிக் கேட்டாலும் அநியாயம்தான்.

கண்ணங்குறிச்சிக்குப் போகிறவர்கள் காற்றுக்காகப் போகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் நகரத்தின் நடுப்பகுதி தகிக்கும்போது, மாலையில் மலைப்பக்கத்திலிருந்து வரும் காற்றுக்கு மதிப்புப் போட முடியாது. மூக்கனேரி ஒன்றே போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. குப்பையும் கழிவுமாகக் கிடந்த ஏரியைச் சேலம் மக்கள் சேர்ந்து 2010 வாக்கில் தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. பிள்ளைகளுக்குக் காட்டவும் கற்றுக்கொடுக்கவும் இதைவிட நல்ல இடம் சேலத்தில் எனக்குத் தெரியாது.

எனினும் கண்ணங்குறிச்சி என்று சொல்லி விற்கப்படுவது ஓர் ஊரல்ல, இரண்டு. பஸ் வந்து நிற்கும் பழைய ஊர் ஒன்று: கோயில், மளிகைக்கடை, பள்ளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதற்கு அப்பால் அடிவாரத்தை நோக்கி விரியும் புது மனைப்பிரிவுகள் இன்னொன்று. அங்கே வீடு அழகு, வெளிச்சம் தாராளம். இடையிடையே காலி மனைகள், புதர், பாம்பு, தெருநாய். பால் பாக்கெட்டுக்கும் வண்டி எடுக்க வேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பாட்டி பகல் முழுவதும் தொலைக்காட்சியோடு தனியாக. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமில்லை என்பது பழைய ஊரில் குடியிருப்பவர்களுக்குப் பெரிய வரம். பஸ் நிறுத்தத்துக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டிய மனைப்பிரிவில் அது பாதிப் பயன்தான். ஏற்காட்டில் கனமழை என்றால் மூக்கனேரியும் புது ஏரியும் நிரம்பும். உபரிநீர் ஓடும் வாய்க்காலை ஒட்டிய மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை பகுதிக்குப் பகுதி என்பதைவிடத் தெருவுக்குத் தெரு வேறுபாடு அதிகம். குடிதண்ணீர்க் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஆழ்துளைக் கிணற்றில் உப்பு எப்படி என்று வீட்டுக்காரரை விட்டுவிட்டு எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவரோ இதய நோயாளியோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஃபேர்லேண்ட்ஸ் அல்லது அழகாபுரம். வாடகை கூடினாலும் பரவாயில்லை, அங்கேயும் பிரதான சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். மூச்சிரைப்புள்ள குழந்தை இருந்தால் கண்ணங்குறிச்சி பழைய ஊர். இருவரும் வேலைக்குப் போகிற, தாத்தா பாட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிற சாதாரணக் குடும்பத்துக்கு என் தேர்வு அம்மாபேட்டைதான். கொஞ்சம் மேடான தெருவாக, இருபுறமும் விசைத்தறி இல்லாத வீடாக, ஆம்புலன்ஸ் வந்து திரும்பும் அகலம் உள்ளதாகப் பார்த்துப் பிடியுங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். தறிச்சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.