டெல்டா மழைக்கு எந்தத் தார்ப்பாய்? ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஹார்டுவேர் கடை வாசல்களில் தார்ப்பாய்க் கட்டுகள் வந்து இறங்கிவிடும். நிறத்தைப் பார்த்தும், விரித்தால் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்த்தும் வாங்குகிறவர்களே அதிகம். புயலுக்குப் பின் கூரையை மூடுவது, களத்து நெல்லைக் காப்பது, தற்காலிகக் கொட்டகை போடுவது ஆகிய மூன்று வேலைகளையும் மனதில் வைத்து, கடையில் கிடைக்கும் நான்கு வகைகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரு வீட்டுக்கு 12×18 அடியில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) நெசவுத் தார்ப்பாய் இரண்டு வாங்குங்கள். 24×30 அடியில் ஒற்றைப் படுதா வேண்டாம்.

தார்ப்பாய் நடுவில் கிழிவது அபூர்வம். முறிந்த கிளை குத்தினால்தான் உண்டு. முதலில் போவது ஓரம். காரணம் காற்றின் கணக்கில் இருக்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று, நேராக மோதினால், ஒரு சதுர மீட்டரில் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 100 கி.மீ.க்கு அது 48 கிலோ. 12×18 அடி என்பது 20 சதுர மீட்டர். முழுக் காற்றையும் வாங்கினால் 950 கிலோவைத் தொடும். இத்தனையையும் பிடித்து நிறுத்த வேண்டியவை மூன்றடிக்கு ஒன்றாக ஓரத்தில் இருக்கும், கயிறு கோக்கும் இருபது உலோக ரிங்குகள். அவற்றிலும் காற்று வரும் பக்கத்து ஐந்தாறு ரிங்குகள்தான் முதல் அடியை வாங்கும். ஒன்று பிய்ந்தால் அதன் பாரம் பக்கத்து ரிங்குக்குப் போகும். அப்புறம் வரிசையாகப் பிய்ந்துகொண்டே போகும். 24×30 படுதாவில் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது, ரிங்குகளோ இரண்டு மடங்குகூட ஆவதில்லை. பெரியது வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று 100 கி.மீ.யைத் தாண்டி வீசியது. அந்தக் காற்றில் கடையில் விற்கும் எந்தத் தார்ப்பாயும் கூரைமேல் நிற்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் அவசரமாகக் கூரையில் விரித்துக் கட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தளர்ந்து எழும்பும் தார்ப்பாய் அடியில் இருக்கும் ஓடுகளையும் சிமெண்ட் ஷீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கீற்றுக் கூரையானால் முகட்டின் மேலாக இரு பக்கமும் கயிறு போட்டு, தரையில் ஆழமாக அடித்த முளைகளில் இழுத்துக் கட்டுங்கள். தார்ப்பாயை வீட்டுக்குள் வைத்திருங்கள். அரிசி, விதைநெல், துணிமணி, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பரண் உயரத்தில் வைத்து, தார்ப்பாயால் சுற்றிவிட்டு, நீங்கள் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள். தார்ப்பாய்க்கு உண்மையான வேலை காற்று அடங்கிய மறுநாள்தான் தொடங்குகிறது.

கடையில் என்ன பார்ப்பது? முதலில் தராசு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். 12×18 அடி 200 ஜிஎஸ்எம் என்றால் 4 கிலோ இருக்க வேண்டும். 250 என்றால் 5 கிலோ, 120 என்றால் 2 கிலோ 400 கிராம். அட்டையில் 200 என்று அச்சடித்திருக்க, தராசு மூன்று கிலோதான் காட்டினால் அது 150. தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்லி விற்றாலும் ஜிஎஸ்எம்மைக் கேளுங்கள், எடை போடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். அடுத்து அளவு நாடா. பெரும்பாலும் வெட்டும்போது இருந்த அளவைத்தான் எழுதியிருப்பார்கள். ஓரம் மடித்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் சில அங்குலம் குறையும். கூரை அளவுக்குச் சரியாக வாங்கினால் இறவாரத்தில் இடைவெளி விழும்.

பிறகு ஓரம். மடிப்புக்குள் கயிறு ஓட வேண்டும், ரிங் இரட்டை மடிப்பின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், நான்கு மூலைகளிலும் தனியாக ஒட்டுத் துண்டு வேண்டும். ரிங்குக்குள் விரலை விட்டு வெளிப்பக்கமாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். துணி சுருங்கி ரிங் ஆடினால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு சின்னக் காந்தமும் கையில் இருக்கட்டும். ரிங்கில் ஒட்டினால் அது இரும்பு. வேதாரண்யம், தரங்கம்பாடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் சீக்கிரமே துருப்பிடித்துச் சுற்றியிருக்கும் துணியையும் அரித்துவிடும். அலுமினியமோ பித்தளையோ காந்தத்தில் ஒட்டாது. பாலித்தீன் நெசவுத் தார்ப்பாய்க்கு ஐஎஸ் 7903 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரையோடு இந்த எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வகைகளில், மெல்லிய நீலத் தார்ப்பாய், அதாவது 90 முதல் 120 ஜிஎஸ்எம் வரை உள்ளது, நெல் மூட்டையை ஓரிரவு மூடவும் தரையில் விரிக்கவும் போதும்; கூரைக்கு ஆகாது. குறுக்கு அடுக்கில் ஒட்டிய ஷீட், நம் பக்கம் எல்லோரும் சில்பாலின் என்றே சொல்வது, எடை குறைவு. நெசவு இல்லாததால் நீர் கசியாது. களத்து நெல்லுக்கு எங்கள் முதல் தேர்வு அதுதான். மெழுகு பூசிய பருத்திக் கித்தான் உறுதியானது, காற்றோட்டமும் விடும். ஆனால் நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், விலையும் அதிகம். லாரி வைத்திருப்பவருக்கே அது கட்டுப்படி. இருபுறமும் பூச்சுள்ள நெசவுத் தார்ப்பாய்தான் கூரைக்கு. செஞ்சிலுவை அமைப்புகள் நிவாரணத்துக்குத் தரும் 4×6 மீட்டர் தார்ப்பாயும் இதே 200 ஜிஎஸ்எம் நெசவுதான். அதில் குறுக்கே தெரியும் பட்டைகள் கூடுதல் உறுதிக்காக வைத்தவை.

கூரையை மூடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல தார்ப்பாயும் பாழாவது இங்கேதான். ஏறுவதற்கு முன் மின்கம்பி அறுந்து கூரைமேல் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987க்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சிமெண்ட் ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவீர்கள். அடியில் சட்டம் போகும் இடத்தில், போல்ட் வரிசை தெரியும், அதன்மேல் பலகை போட்டு நகருங்கள். ஓட்டை எங்கே இருந்தாலும் தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் மூன்றடியாவது இறங்க வேண்டும். முகட்டுக்குக் கீழே நிறுத்தினால் மேலிருந்து வரும் நீர் அடியில் புகுந்துவிடும். ரிங்கில் கயிறு கட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். ஓரத்தை ஒரு சவுக்குக் கழியில் இரண்டு மூன்று சுற்றுச் சுருட்டி, அந்தக் கழியைக் கைமரத்தோடு சேர்த்து இரண்டடிக்கு ஒரு கட்டுப் போடுங்கள். இழுவை ரிங்குகளில் குவியாமல் ஓரம் முழுவதும் பரவும். மூங்கிலானால் கணுவைச் செதுக்கிவிட்டுச் சுருட்டுங்கள். கயிறு 8 மி.மீ. நைலான் போதும், லாரிக்காரர்கள் பாரம் கட்டும் இழுப்பு முடிச்சுப் போட்டால் தளரும்போது மறுபடி இறுக்கலாம். தினம் ஒருமுறை இறுக்குங்கள், படபடக்கும் தார்ப்பாய் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். செங்கல், அம்மிக்கல்லைப் பாரமாக மேலே வைக்காதீர்கள், அடுத்த காற்றில் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. பாரம் வேண்டுமென்றால் மணல் மூட்டைகளைக் கயிற்றின் இரு முனையிலும் கட்டி இறவாரத்துக்குக் கீழே தொங்கவிடுங்கள்.

கீற்று கிடைத்ததும் தார்ப்பாய்க்கு மேலே ஒரு வரிசை வேய்ந்துவிடுங்கள். பாலித்தீனை மழையைவிட வெயில்தான் அதிகம் கெடுக்கும். கீற்று வெயிலைத் தடுக்கும், உள்ளே வேகும் சூட்டையும் குறைக்கும்.

கொட்டகை போட்டால் சரிவு நன்றாக இருக்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு செ.மீ. நீர் தேங்கினாலே 10 கிலோ. பள்ளம் விழுந்தால் இன்னும் நீர் சேரும், பள்ளம் இன்னும் ஆழமாகும், கடைசியில் கம்பு முறியும். நடுக்கம்பின் நுனியில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால் தார்ப்பாயில் குத்தாது. இரு முகப்பையும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். அடுப்பை அதன் அடியில் வைக்கவே கூடாது. தீப்பற்றினால் பாலித்தீன் உருகிச் சொட்டும், அது தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நெல்லுக்கு வந்தால், மேலே மட்டும் மூடுவது பாதி வேலைதான். அடியிலும் ஒன்று விரிக்காவிட்டால் களத்து நீர் குவியலின் அடிவரிசையை முளைக்க வைத்துவிடும். குவியலைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, மேல் படுதா அடிப் படுதாவுக்கு வெளியே விழும்படி போடுங்கள். மழை விட்டதும் உடனே திறக்க வேண்டும். ஈரநெல் மூடாக்கில் வியர்த்துச் சூடேறும்; கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்புக்குள் அப்புறம் கொண்டுவருவது பெரும்பாடு.

நெல் காயப்போடும் படுதாவைக் கூரைக்கு என்று வைத்திருக்காதீர்கள். ஒரு பருவ வெயில் தின்ற தார்ப்பாய் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஒரு மூலையை மடித்துக் கசக்கிப் பாருங்கள், மடிப்பில் மாவு உதிர்ந்தால் அது கூரைக்கு லாயக்கில்லை. புயலுக்கு என்று வாங்கியதை நிழலில் காயவைத்து, ஒட்டியிருக்கும் நெல்லை உதறிவிட்டு, சுருட்டி விட்டத்தில் தொங்கவிடுங்கள். நெல் வாசனை இருந்தால் எலி கடிக்கும். மானிய விலையில் தார்ப்பாய் தருகிறார்களா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

ரிங் பிய்ந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே ஒரு கூழாங்கல்லை வைத்துத் தார்ப்பாயோடு சேர்த்துப் பொதிந்து, கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுங்கள். ரிங்கைவிட உறுதியாகவே பிடிக்கும். நம் ஊரில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது என்றால், முனை மழுக்கிய செங்கல் துண்டைத் துணியில் சுற்றி வைக்கலாம். சாதாரணப் பசை பாலித்தீனில் நிற்பதில்லை. கிழிசலுக்கு, இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவைத்து, தார்ப்பாய் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள்.