பாலக்காடு சித்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி: சாப்பாட்டுக்கு மூன்று நட்சத்திரம்

இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காக அம்மாவைச் சேர்த்திருந்தோம். மறதி நோய் வேறு. மட்டை அரிசிக் கஞ்சியும் பயறும் அருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி, மேலே தேங்காய்ச் சட்னி! எது தட்டு, எது இட்லி என்று தெரியாமல் அம்மா தட்டின் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தார். அரைமணியில் அப்படியே எடுத்துப் போய்விட்டார்கள். சாப்பிட்டாரா என்று கேட்க ஆளில்லை.

அல்சைமர் என்ற மறதி நோய் முற்றியவர்கள் வெள்ளைப் பாத்திரத்தைவிட அடர் சிவப்புப் பாத்திரத்தில் 25% கூடுதலாகச் சாப்பிட்டதாக 2004இல் வந்த பாஸ்டன் ஆய்வு சொல்கிறது. குடித்தது 84% கூடுதல். ராத்திரி டியூட்டி நர்ஸ் சேச்சிக்கு இதெல்லாம் யார் சொன்னார்களோ, சிவப்புத் தட்டு தேடிக் கொண்டுவந்தார். அவித்த நேந்திரம்பழத்தைத் துண்டாக்கி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். அம்மா முழுசும் சாப்பிட்டார். மூன்றில் இரண்டு நட்சத்திரம் அந்தச் சேச்சிக்குத்தான். போகிறவர்கள் வீட்டிலிருந்தே கலர் தட்டு எடுத்துப் போங்கள்.