சைக்கிளுக்கு மோட்டார் பூட்டுகிறீர்களா? பற்றரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

118,000 ரூபா. சீட்டு எடுத்த காசு, ஒவ்வொரு மாதமும் மிச்சம் பிடித்த காசு எல்லாம் சேர்த்த தொகை. அதை எண்ணி வாங்கியவர் இன்று காலை என் தொலைபேசி இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். கோபம் ஆறுமுன்பே எழுதுகிறேன். சைக்கிளுக்கு மின்சார மோட்டார் பூட்டும் எண்ணத்தில் கொழும்பில் யார் இருந்தாலும் இதை வாசித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எனக்கு வீடு கொட்டாஞ்சேனையில், வேலை வெள்ளவத்தையில். போகவர இருபது கிலோமீற்றர். 2022இல் பெற்றோல் வரிசையில் விடிய விடிய நின்றவர்களுக்கு நான் ஏன் இந்த வழியைத் தேடினேன் என்று விளக்கத் தேவையில்லை. புதிய மின்சார சைக்கிள் வாங்க வசதி இல்லை. இருக்கிற சைக்கிளிலேயே பூட்டக்கூடிய மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளவாக விடும் கொன்ரோலர், பற்றரி மூன்றும் சேர்ந்த செட் ஒன்றை இணைய விளம்பரத் தளம் ஒன்றில் கண்டேன். 500 வாட் மோட்டார், 48 வோல்ட் 15 அம்பியர் மணி (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு) பற்றரி, ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஐம்பது கிலோமீற்றர் ஓடும் என்று போட்டிருந்தது.

கடை பஞ்சிகாவத்தைப் பக்கம், உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே ஒரு சிறிய அறை. என் பேச்சைக் கேட்டதும் கடைக்காரர், “தம்பி நம்ம ஆள், உங்களுக்கு விலை கூட்டிச் சொல்வேனா?” என்றார். பிளேன் டீ வரவழைத்தார். பின்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கிப் பிடித்துக் கைப்பிடியை முறுக்கினார். சக்கரம் சீறிக்கொண்டு சுழன்றது. மீற்றரை எடுத்துப் பற்றரியில் வைத்தார்: 54.6 வோல்ட். “முழுச் சார்ஜ், பாருங்கள்” என்றார். கண்ணால் பார்த்ததை நம்பினேன். பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டது என்று சொல்லி, தன் பெயர் அட்டையின் பின்பக்கத்தில் “6 மாதம் உத்தரவாதம்” என்று நீலப் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். பூட்டி முடிந்ததும் சைக்கிளைப் படம் எடுத்துக்கொண்டார். 118,000 ரூபாவைக் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலை கொள்ளுப்பிட்டிச் சந்தியைத் தாண்டுமுன் வண்டி நின்றது. காலிமுகத்திடலில் எதிர்க்காற்று அடித்தபோதே மோட்டார் விட்டு விட்டு இழுக்கத் தொடங்கிவிட்டது. மிச்சத் தூரம் முழுவதும் அந்தப் பாரத்தையும் சேர்த்து மிதித்தேன்.

அழைத்தேன். புதிய பற்றரி, சில தடவை ஏறி இறங்கினால் சரியாகும் என்றார். சரியாகவில்லை. நீங்கள் பாரம் கூடிய ஆள் என்றார். பிறகு மழையில் நனைத்திருப்பீர்கள் என்றார். அந்த நாட்களில் மழையே இல்லை. அதன்பின் இறக்குமதி செய்தவர் வெளிநாட்டில், அவர் வரட்டும் என்றார். கடைக்கு நேரே போனால், இருந்த பையன் “அண்ணன் இப்போதுதான் வெளியே போனார்” என்பான். போகும் ஒவ்வொரு முறையும் இதே பதில். வட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. விளம்பரத் தளத்துக்கு எழுதினால், விற்றவரும் வாங்கியவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விடயம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதில் வயிறு எரிவது என்னவென்றால், அதே தளத்தில் அதே செட் இன்றும் விற்பனைக்கு இருக்கிறது, என் சைக்கிளின் படத்தோடு!

மருதானையில் மின்கருவி திருத்தும் அண்ணன் ஒருவரிடம் பற்றரியைக் கொண்டுபோனேன். மேலே சுற்றியிருந்த நீல உறையை வெட்டினார். பெட்டியில் பாதிக்கு மேல் ஸ்பொஞ்சும் மடித்த அட்டையும். மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு உருளைகளான செல்கள் 26தான். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறத்துக்கு ஒன்றாய், பழைய மடிக்கணினிப் பற்றரிகளில் இருந்து பிரித்தவை. முன்பு ஒட்டியிருந்த தகட்டைப் பிய்த்த வடு ஒவ்வொன்றின் தலையிலும் தெரிந்தது. 48 வோல்ட் வர 13 செல்லை வரிசையாக இணைக்க வேண்டும். 15 அம்பியர் மணி வேண்டுமானால், 2.5 அம்பியர் மணி செல்லாக இருந்தாலும் அப்படி ஆறு வரிசை, மொத்தம் 78 செல். எனக்குக் கிடைத்தது இரண்டு வரிசை, அதுவும் தேய்ந்துபோனவை. மீற்றர் காட்டிய 54.6 பொய்யில்லை, ஆனால் எவ்வளவு மின்சாரம் உள்ளே இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. பாரமில்லாமல் சுழலும் சக்கரமும் சொல்லாது. அந்த ஆளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த இரண்டையும் காட்டினார்.

118,000 ரூபாவில் தேறியது மோட்டார் மட்டும்.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. பற்றரியைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: இந்த வகைச் செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம், 78 செல் என்றால் செல் மட்டுமே மூன்றரைக் கிலோ வரவேண்டும். கடை வாசலில் அல்ல, வீதியில் ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மோட்டார் சக்கரத்தின் அச்சு திரும்பாமல் பிடிக்கும் இரும்புத் துண்டு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், எனக்குப் பூட்டவில்லை. அச்சிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள், நானும் அழைக்கப்போகிறேன். இப்படிப்பட்ட பற்றரி ஏற்கனவே வீட்டில் இருந்தால் இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். பழைய செல்களைக் கலந்து கட்டியது தீப்பிடிக்கும் என்று அந்த அண்ணன் சொல்லித்தான் அனுப்பினார்.